ஏழாம் கூடையின் வெள்ளைப் பலகை

அந்தக் குன்றில் மரம் என்று சொல்ல ஒன்றுகூடக் கிடையாது. புல் உண்டு, பாறை உண்டு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேலையில்லாமல் அலைகிற காற்று உண்டு. நகரத்தின் கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், யாரும் வீடு கட்டத் துணியாத அந்த இடத்தில்தான் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறார்கள். புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் பயப்பட வேண்டாம். கோல்ஃப் மாதிரிதான், ஆனால் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை, பணக்காரத்தனமும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. தூரத்தில் ஒரு கம்பம், அதன் தலையைச் சுற்றிச் சங்கிலிகள், சங்கிலிகளுக்குக் கீழே ஓர் இரும்புக் கூடை. மேடையில் நின்று தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். கூடையில் விழும்வரை விடக்கூடாது. குறைவான எறியில் முடிக்கிறவர் கெட்டிக்காரர். மற்றவர்கள் காற்றைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

ஆடுவதைவிட அந்த இடத்தைக் காப்பாற்றுவதுதான் பெரும் பாடு. சனிக்கிழமை வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்பது குழுவின் ஏற்பாடு. புல் என்ன சொன்னால் கேட்கிற பிள்ளையா? இந்த வாரம் வெட்டினால் அடுத்த வாரம் கணுக்காலைத் தாண்டி நிற்கும். அதற்குள் தட்டு விழுந்தால் தேடுகிறவர்களும் சேர்ந்து காணாமல் போவார்கள். சங்கிலி துருப்பிடிக்கும், மேடையில் மண் கரையும், மழை வந்தால் பாதை ஓடையாகிவிடும். சனிக்கிழமை வராமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைகாட்டுகிறவர்களுக்கு அங்கே ‘மாப்பிள்ளை’ என்று பெயர்.

குழுவில் ஒருத்தியை எல்லாரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். தோள் அகலம், குரல் அதைவிட அகலம். அவளைவிட மூத்தவர்கள்கூட அண்ணி என்றுதான் சொன்னார்கள். காரணம் அவளுடைய நாத்தனார். கணவனின் ஒரே தங்கையான அவள்தான் முதன்முதலில் அண்ணியைக் குன்றுக்கு இழுத்துக்கொண்டு வந்தவள். மேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு “அண்ணீ, தட்டு இங்க கிடக்கு” என்று அவள் கத்திக் கத்தி, அந்தப் பெயர் மைதானம் முழுக்க ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ஊரே அவளை அண்ணி என்று கூப்பிட்டபோது, கடந்த ஒரு வருஷமாக அந்த நாத்தனார் மட்டும் கூப்பிடவில்லை.

நாத்தனார் மருந்துக்கடையில் மருந்தாளுநர். காலாவதித் தேதியை இரண்டு தடவை பார்க்காமல் ஓர் இருமல் மருந்தைக்கூடக் கையில் கொடுக்கமாட்டாள். வேலைக்கான நேர்முகத்தில் “உங்களிடம் உள்ள குறை என்ன” என்று ஒப்புக்குக் கேட்டதற்கு, கேட்டவர்கள் போதும் போதும் என்கிற வரைக்கும் பதில் சொன்னவள். பொய் என்பது அவளுக்கு வராத நீச்சல் மாதிரி. முயற்சி செய்தால் காது சிவந்து, தொண்டை அடைத்து, மூழ்கிவிடுவாள்.

சண்டை அதனால்தான் வந்தது. போன வருஷம் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும் போட்டி. அண்ணியும் நாத்தனாரும் ஓர் அணி. கடைசிக் கூடைவரை சமமாக வந்துவிட்டார்கள். கூடைக்குப் பக்கத்தில் நின்று எறியும்போது ஒரு விதி உண்டு: தட்டு கூடையில் அடங்கும்வரை எறிந்தவர் முன்னால் கால் வைக்கக்கூடாது. இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது, கூட ஆடுகிறவர்களே பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணி எறிந்தாள். தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தது. விழுவதற்கு ஓர் இமைப்பொழுது முன்னால் அவள் வலது கால் ஓர் அடி முன்னே போய்விட்டது. எதிரணி கவனிக்கவில்லை. தோற்றுப்போன முகத்தோடு கை குலுக்கவே கையை நீட்டிவிட்டார்கள். அப்போதுதான் நாத்தனார், தன் அணிக்காரி, தன் அண்ணன் பெண்டாட்டி என்றெல்லாம் பார்க்காமல், “கால்” என்றாள்.

அவ்வளவுதான். அந்த எறி செல்லாது, மேலே ஓர் எறி அபராதம், கோப்பை கைமாறிவிட்டது.

அண்ணி அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அவள் கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். கத்தாததால் வருஷமாகிவிட்டது. கால் முன்னே போனது அவளுக்கே தெரியும், அதில் வழக்கில்லை. மூன்றாம் மனிதர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். தன் பக்கம் நிற்க வேண்டியவள் விதியின் பக்கம் போய் நின்றுகொண்டாளே என்பதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

இருவரும் ஒரே கட்டடம். கீழே அண்ணியும் கணவனும், மாடியில் நாத்தனார். ஆகவே கணவன் தபால்காரனானான். “உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, தண்ணி மோட்டாரை நிறுத்த மறந்துட்டா.” “அண்ணா, கீழ சொல்லிடு, நிறுத்தியாச்சு.” மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், அந்த மனிதன் மத்தளமாகவே மாறிப்போனான். எந்தப் பக்கமும் சாயாமல் இருந்து இருந்து, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் கழுத்து வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தான்.

இதில் சங்கடம் என்னவென்றால், ஏழாம் கூடையின் சரிவை வெட்ட அந்த இரண்டு பேரை விட்டால் ஆள் இல்லை. ஏழாவதின் மேடை குன்றின் உச்சியில். அங்கிருந்து நேரே சரிவு, சரிவின் அடியில் பள்ளம், பள்ளத்தின் மறுகரையில் கூடை. அந்தச் சரிவில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தனியாகத் தள்ளினால் இயந்திரம்தான் ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் இயந்திரத்தின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே நட்ட இரும்புக் கம்பத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி ஒருத்தி பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி கைப்பிடியைப் பிடித்தபடி இறங்குவாள். கைப்பிடி அண்ணிக்கு, கயிறு நாத்தனாருக்கு. பேருந்தையே வளைக்கிற கை, மில்லிகிராம் கணக்கில் அளக்கிற கை. மற்றவர்கள் முயன்று பார்த்து, ஒரு தடவை இயந்திரம் பள்ளத்தில் குப்புற விழுந்ததோடு கும்பிடு போட்டுவிட்டார்கள்.

இயந்திரச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் கயிற்றிலேயே சைகை வைத்திருந்தார்கள். ஓர் இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் தூக்கு. அந்த ஒரு வருஷத்தில் அண்ணியும் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதெல்லாம் இவ்வளவுதான். ஆனால் கயிறு ஒரு தடவைகூடத் தளர்ந்ததில்லை. இது அண்ணிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

குன்றின் அடிவாரத்தில் கருவிகள் வைக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அதன் உள்சுவரில் தட்டுகள் வரிசையாக ஆணியில் தொங்கும். மேடையிலிருந்து முதல் எறியிலேயே கூடைக்குள் போட்டுவிட்டால் அதற்கு ‘ஒத்தை’ என்று பெயர். ஒத்தை போட்ட தட்டு சுவருக்குப் போகும். அதற்கு ஒரு சடங்கே வைத்திருந்தார்கள். ஞாயிறு ஆட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கும்போது, பார்த்த சாட்சி எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். போட்டவர் வாயே திறக்கக்கூடாது. கடைசியில் குழுவின் தலைவர் “கால்?” என்று கேட்பார். சாட்சி “சுத்தம்” என்று சொன்னால் ஆணி அடிப்பார்கள். சாட்சி இல்லாத ஒத்தை வெறும் கனவு.

அந்தச் சுவரில் எல்லாருக்கும் ஒரு தட்டாவது இருந்தது. முடிதிருத்தும் கடை வைத்திருக்கிற தலைவருக்கு இரண்டு. நாத்தனாருக்கு ஒன்று. அண்ணியின் கணவனுக்குக்கூட ஒன்று இருந்தது. அவன் எறிந்த தட்டு பாறையில் அடித்து, எகிறி, தானாகப் போய்க் கூடையில் விழுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வீட்டுக்கு யார் வந்தாலும் டீ ஆறுவதற்குள் அந்தக் கதையைச் சொல்லிவிடுவான். அண்ணிக்கு மட்டும் சுவரில் இடமில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக எறிகிறாள், சங்கிலியைத் தொட்டுத் திரும்பியது எத்தனையோ. கொட்டகைக்குள் போனால் அவள் சுவரைப் பார்க்காமல் கடப்பாறையைப் பார்த்துக்கொண்டே நடப்பாள்.

ஏழாம் மேடைக்கு இன்னொரு தனி விதியும் உண்டு. மேடையின் முன்விளிம்பில் ஒரு மரப்பலகை பதித்து வெள்ளை அடித்திருப்பார்கள். மற்ற மேடைகளில் எறிந்த வேகத்தில் கால் விளிம்பைத் தாண்டினால் பரவாயில்லை. இங்கே பலகையைத் தொட்டாலே எறி செல்லாது. தலைவர் ஒரு தடவை தட்டை எறிந்துவிட்டுத் தானும் அதன் பின்னாலேயே போய்த் தோள்பட்டையை உடைத்துக்கொண்ட பிறகு வந்த விதி இது.

அந்தச் சனிக்கிழமை காலை சரிவை வெட்டி முடித்தார்கள். கயிறு பேசியது, வாய்கள் பேசவில்லை. கணவன் கீழே வெட்டிய புல்லை வாரிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டான். மிச்சமிருந்தது மேடைப் பலகைக்கு வெள்ளை அடிக்கிற வேலை. அண்ணி டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை முக்கி, குனிந்து அடித்து முடித்தாள். நாத்தனார் கொஞ்சம் தள்ளி, கம்பத்துப் பக்கம் உட்கார்ந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போது காற்று நின்றது.

அந்தக் குன்றில் காற்று நிற்பது என்பது நகரப் பேருந்தில் ஜன்னல் சீட்டு காலியாக இருப்பதைப் போல. வந்த நேரத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். கூடையின் தலையில் கட்டியிருந்த துணிப்பட்டை செத்த மீன் மாதிரித் தொங்கியது. அண்ணியின் பையில் அவளுடைய ஆரஞ்சுத் தட்டு இருந்தது. வேலை நாளில் ஆடக்கூடாது என்பதும் ஒரு வழக்கம்தான். ஒரே ஒரு எறிதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று எடுத்தாள். பின்னால் போனாள், ஓடி வந்தாள், எறிந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் எதற்குக் குனிந்து நிமிர்ந்தோம் என்பது அந்த நொடியில் அவள் நினைப்பிலேயே இல்லை. பூசியவளும் எறிகிறவளும் ஒரே ஆளாக இருந்தால் இப்படித்தான்.

தட்டு இடப்பக்கம் சாய்ந்து போனது. போகாதே என்று சொல்ல நினைத்தாள். அது கேட்டது போலப் பள்ளத்துக்கு மேலே மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. அவசரமே இல்லாமல், வீட்டு வாசலைத் தெரிந்த மாடு மாதிரி இறங்கியது. சங்கிலிகள் கலகலத்தன. அதற்குப் பிறகு தட்டைக் காணோம். கூடைக்கு வெளியேயும் காணோம்.

அண்ணி சரிவில் இறங்கவில்லை, விழாத குறையாக ஓடினாள். கூடைக்குள் ஆரஞ்சுத் தட்டு சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதைக் கையில் எடுத்து உச்சியைப் பார்த்தாள். கையில் கயிறோடு நாத்தனார் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அண்ணி இரண்டு கையையும் தூக்கினாள். மேலே ஒரு கை உயர்ந்தது. அவ்வளவு சந்தோஷத்திலும் அண்ணிக்கு ஒன்று உறைத்தது. பத்து வருஷம் கழித்து வந்த ஒத்தைக்கு ஒரே சாட்சி, பேச்சுவார்த்தையே இல்லாத இந்த மகராசியா?

பாதை வழியாகச் சுற்றி மேலே ஏறி வந்தபோது நாத்தனார் குனிந்து பலகைக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணிக்குச் சுருக்கென்றது. நான் அடித்த வெள்ளையிலும் குறை கண்டுபிடித்துவிட்டாளா? ஒருத்தி வாழ்நாளில் ஒரு தடவை ஒத்தை போட்டிருக்கிறாள், இவளுக்கு வெள்ளை சமமாக இருக்கிறதா என்பதுதான் கவலை. நாத்தனார் நிமிராமல் டப்பாவை மூடினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

கீழே வந்ததும் நாத்தனார் தன் அண்ணனிடம் போய், “அண்ணா, தலைவருக்கு போன் போட்டுச் சொல்லிடு. ஏழாவதுல ஒத்தை. சாட்சி நான்” என்றாள்.

கணவன் வாயைப் பிளந்து, “யாரு போட்டது?” என்று கேட்டான்.

“உன் பெண்டாட்டி.”

அன்று சாயங்காலம் வரைக்கும் அண்ணி தரையில் நடக்கவில்லை. வரிசையாகப் போன் வந்தது. அவளுடைய பணிமனையில் வேலை செய்கிற மெக்கானிக்கூடக் கூப்பிட்டார். நாத்தனார் சாட்சி என்று கேட்டதும் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: “அவ சொன்னா அப்பீலே இல்ல. சொந்த அண்ணி காலையே பிடிச்சுக் கொடுத்தவளாச்சே.” அண்ணிக்கு அது ஒரு விதத்தில் சிரிப்பாகவும் இருந்தது. எந்த வாய் கோப்பையைப் பறித்ததோ, அந்த வாய்தான் இப்போது ஆணி அடிக்கப்போகிறது.

விளக்குப் போடுகிற நேரத்தில் கணவன் வாசலில் கிடந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கினான். அண்ணியின் வலது கால் ஷூவைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான். “என்ன இது, உன் ஷூ பால் குடிச்சிட்டு வந்திருக்கு?”

ஷூவின் மூக்கில் வெள்ளை. புல் துணுக்குகள் ஒட்டி, நன்றாகக் காய்ந்து, விரலகலத்துக்கு வெள்ளை.

அண்ணி அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். முதலில், அடிக்கும்போது சிந்தியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். சிந்தினால் சொட்டாக விழும், இப்படித் தேய்த்து எடுத்ததுபோல இருக்காது. ஓடி வந்து கால் ஊன்றியது நினைவுக்கு வந்தது. பலகையில் ஊன்றியிருக்கிறாள். ஈரப் பலகையில் ஷூவின் தடம் பளிச்சென்று விழுந்திருக்கும். அது விழுந்திருந்தால், அவள் ஏறி வருவதற்குள் குனிந்து பிரஷ் போட்டுக்கொண்டிருந்தவள் எதன் மேல் பூசினாள் என்பதும் தெரிந்துபோயிற்று.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விதியைத் தவிர எதற்கும் வளையாதவள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையைத் தனக்காகச் செய்திருக்கிறாள்.

“டர்பன்டைன் இருக்கா?” என்று கேட்டாள்.

“அலமாரி மேல் தட்டுல. எதுக்கு?”

ஒரு துணியில் நனைத்துத் துடைத்தால் போய்விடும். பிறகு உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. இதைவிடப் பத்திரமான ரகசியம் கிடைக்குமா? சுவரில் ஆரஞ்சுத் தட்டு தொங்குகிற காட்சி கண்முன் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், மிக நன்றாக இருந்தது.

ஷூவைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை, ஆனால் கால் ஏறியது. பாதிப் படியில், மாடி வீட்டுக் கதவுக்குப் பின்னால் குரல் கேட்டது. நாத்தனாரின் குரல். யாரிடம் பேசுகிறாள்?

“கால் சுத்தம்” என்றது குரல். ஒரு செருமல். “கால்... சுத்தம்.” மறுபடி செருமல். “சுத்தம். சுத்தமா இருந்துச்சு. நான் பார்த்தேன். கால் சு...” குரல் அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடிக்கிற சத்தம். பிறகு முதலிலிருந்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. “கால் சுத்தம்.”

அண்ணி சுவரில் கை வைத்து நின்றாள். கண் கலங்கியது, அதை அவள் துடைக்கவும் இல்லை. நீந்தத் தெரியாதவள் தனக்காக ஆற்றில் இறங்கி ஒத்திகை பார்க்கிறாள். ஒரு வருஷமாக அண்ணி கேட்டது இதைத்தான், ஒரு தடவையாவது விதியை விட்டுவிட்டு என் பக்கம் நில் என்பதைத்தான். இப்போது அவள் நிற்கிறாள். நின்ற அழகைக் கேட்கச் சகிக்கவில்லை. சத்தம் காட்டாமல் கீழே இறங்கி வந்து, டர்பன்டைன் பாட்டிலை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் கொட்டகை நிரம்பிவிட்டது. மாப்பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள். தலைவர் காலையிலேயே ஏழாம் மேடையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பலகை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். கணவன் ஒரு கையில் சுத்தியலும் பல்லுக்கிடையில் ஆணியுமாக, சுவரில் நல்ல இடம் பார்த்துத் தயாராக நின்றான். தன் தட்டுக்குப் பக்கத்தில்தான் அடிப்பான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நாத்தனார் எழுந்து நின்றாள். அழகாகச் சொன்னாள். “காத்து நின்னுடுச்சு. துணிப்பட்டை அசையல. தட்டு முதல்ல இடப்பக்கம் போச்சு, நான் போச்சுன்னே நினைச்சேன். பள்ளத்துக்கு மேல போனதும் திரும்புச்சு பாருங்க. என் வாழ்க்கையில அப்படி ஒரு எறி நான் பார்த்ததில்ல. இவ்வளவு நல்லா எறியத் தெரிஞ்சவங்க நம்ம குழுவுல வேற யாரும் இல்ல.” அதுவரைக்கும் ஒவ்வொரு சொல்லும் உண்மை, அதனால் குரல் தண்ணீர் மாதிரி ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

தலைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “கால்?”

நாத்தனாரின் காது சிவந்தது. வாயைத் திறந்தாள். “கா...” என்றாள்.

“சுத்தமில்ல” என்றாள் அண்ணி.

போட்டவர் வாய் திறக்கக்கூடாது என்பதை யாரும் அவளுக்கு நினைவூட்டவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வலது காலைத் தூக்கிக் காட்டினாள். துடைக்காத ஷூ, மூக்கில் வெள்ளை. “ஈரப் பலகையில மிதிச்சிருக்கேன். பூசினதும் நான், மிதிச்சதும் நான்.”

கொட்டகையில் காற்று மறுபடி நின்றது. தலைவர் ஷூவைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். “பலகையில தடம் இல்லியே. நான் காலையில பார்த்தேனே.”

“தடத்து மேல நானே இன்னொரு கோட்டிங் அடிச்சுட்டேன்” என்றாள் அண்ணி, கொஞ்சமும் அசராமல். பேருந்தில் டிக்கெட் இல்லாதவர்கள் கண்டக்டரிடம் சொல்கிற பொய்களை வருஷக்கணக்காகக் கேட்டவளுக்கு ஒரு பொய் சொல்ல வராதா?

“இல்ல அண்ணி” என்றாள் நாத்தனார்.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் காதில் சிவப்பு இறங்கிவிட்டிருந்தது. குரல் தெளிவாக இருந்தது. “பொய் சொல்லாதீங்க. நீங்க கீழ இருந்தீங்க. அடிச்சது நான்தான்.”

அண்ணி அவளையே பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு காதில் விழுந்த முதல் ‘அண்ணி’ அது. அதையும் சபையில் வைத்து, தப்பைப் பிடித்துக்கொண்டே சொல்கிறாள். கோபம் வரும் என்றுதான் காத்திருந்தாள். வந்தது சிரிப்பு. அகலமான குரல்காரியின் சிரிப்பு எப்படி இருக்கும், கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. “உன்னைக் காப்பாத்தவும் முடியாதுடி” என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். நாத்தனார் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

“போன வருஷம் சொன்னது சரிதான் அண்ணி. இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “ஆனா உங்ககூடப் பேசாம ஒரு வருஷம் என்னால முடியல. தடத்தைப் பார்த்ததும், இதையும் சொன்னா இன்னொரு வருஷம் ஆகிடுமேன்னு பயந்துட்டேன்.”

தலைவர் ரொம்ப நேரம் தன் தலையைத் தடவினார். அடுத்தவர் தலையைத் தடவித்தான் அவருக்குப் பழக்கம், தன் தலையைத் தடவினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். “ஒத்தை செல்லாது. அது முடிஞ்சது” என்றார். “சாட்சியே தடத்தை அழிச்சா என்ன பண்றதுன்னு நம்ம விதியில இல்ல. ரெண்டு பேரும் அடுத்த வருஷம் முழுக்க ஏழாம் சரிவை வெட்டணும். இதான் தண்டனை.”

அதை இத்தனை வருஷமாக அவர்கள்தான் வெட்டுகிறார்கள் என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கணவன் பல்லுக்கிடையில் இருந்த ஆணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். வலிக்கவில்லை என்றான்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அண்ணி கேட்டாள். “நான் குறுக்க வரலைன்னா சுத்தம்னு சொல்லியிருப்பியா?”

“தெரியல அண்ணி. நீங்கதான் சொல்ல விடலையே.”

“மாடியில நல்லாத்தான் சொன்ன. அஞ்சாறு தடவை.”

நாத்தனார் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். காது இரண்டும் பழுத்துப்போயின. அண்ணி அவள் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு வீடு தள்ளிப் போனதும் பேச்சு தொடங்கியது. ஒரு வருஷத்துப் பாக்கி அது, வாசலுக்கு வந்தும் முடியவில்லை. கணவன் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தன் பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டான். தபால் எதுவும் வரவில்லை.

அந்தப் பருவத்தில் ஏழாம் சரிவைப் பார்த்தவர்கள் தலைவரிடம் புகார் சொன்னார்கள். புல் ஓர் இடத்தில் மொட்டை, ஓர் இடத்தில் குடுமி, கோடுகளெல்லாம் கோணல்மாணல். தலைவர் ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தார். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவள் கீழே பார்த்து ஏதோ கத்தினாள். கீழே கைப்பிடியைப் பிடித்திருந்தவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “என்னது, சரியா கேக்கல, முதல்லருந்து சொல்லு” என்றாள். கயிறு மட்டும் வழக்கம்போல விறைப்பாக இருந்தது. தலைவர் வந்த வழியே திரும்பிவிட்டார். பேசிக்கொண்டே வெட்டினால் புல் அப்படித்தான் இருக்கும்.